கேஜ் வீல் மூலையில் ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது, எந்த எண்ணை நம்புவது?

மன்னார்குடி மெக்கானிக்கல்:

வணக்கம். மன்னார்குடி பக்கம் அப்பா பட்டறை வைத்திருக்கிறார். மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள், சேறடிக்கும் டிராக்டர்களின் கேஜ் வீல்கள், அதாவது சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள், வாசலில் வரிசையாகக் கிடக்கும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் விரிசல். 6 மி.மீ. பட்டை வளையத்தின் மேல் குறுக்கே ஆங்கிள் (L வடிவ இரும்பு) வைத்து வெல்டு செய்கிறோம் இல்லையா, அந்த வெல்டு முடிந்து பட்டை தொடங்கும் கோட்டில் முடி மாதிரி ஒரு கீறல். சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கிக் காய்ந்து துருக்கோடாகத் தெரியும். அப்பா பார்க்கக்கூட மாட்டார், கட்டைவிரல் நகத்தை ஓட்டியே சொல்லிவிடுவார்.

எம்.இ. ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். பொருளைச் சின்னச் சின்ன எலிமென்ட்களாக, ஒரு வலை (மெஷ்) மாதிரிப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு ஸ்ட்ரெஸ் (பரப்புக்கு இவ்வளவு விசை) என்று கணக்கிடும் மென்பொருள்கள் ப்ரீபோமேக்ஸ், கால்குலிக்ஸ்; இரண்டும் இலவசம் என்பதால் அவற்றில் செய்கிறேன். முதலில் பாடப்புத்தக உத்தரம்: 200 மி.மீ. நீளம், 50 அகலம், 6 தடிமன், நுனியில் 100 நியூட்டன். சூத்திரப்படி 1.41 மி.மீ. வளைய வேண்டும். நாலு முனை டெட்ரா (நான்முக) எலிமென்ட் தடிமனில் ஒரே அடுக்கு போட்டபோது அதில் பாதிகூட வரவில்லை. பத்து முனை எலிமென்ட்டுக்கு மாற்றியதும் 1.40. அன்றைக்கு உண்மையிலேயே ஏதோ புரிந்துவிட்ட சந்தோஷம்.

அதே எலிமென்ட்டில் வளையத்தின் ஒரு துண்டையும் ஆங்கிளையும் வரைந்து, 6,000 நியூட்டன் கொடுத்தேன். வரப்பு ஏறும்போது ஒரு பின்சக்கரத்தின் பாரம் முழுக்க ஒரே ஆங்கிளில் விழும் என்ற கணக்கு. வெல்டை வரையவில்லை, மூலை நேர் 90 பாகை. மூலையில் மெஷ் 2 மி.மீ. வைத்தால் 182 மெகாபாஸ்கல், 1 மி.மீ.க்கு 248, அரை மி.மீ.க்கு 341. கால் மி.மீ. வைத்து 8 ஜிபி லேப்டாப்பை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், காலையில் 466. நாங்கள் வாங்கும் இரும்பு 250-லேயே ஈல்டு ஆகிவிடும், அதாவது திரும்பாதபடி நெளிந்துவிடும். டிஸ்ப்ளேஸ்மென்ட் (வளையும் அளவு) மட்டும் எல்லா மெஷ்ஷிலும் அசையாமல் நிற்கிறது. கைடிடம் எந்த எண்ணைக் காட்டுவது?

கும்பகோணம் சிவில்:

கூர்மூலையில் வரும் உச்ச மதிப்பை யாரும் எடுப்பதில்லை நண்பரே. அங்கே ஒரு சின்ன ஃபில்லட் ஆரம் கொடுத்து மூலையை உருட்டிப் பாருங்கள், எண் நின்றுவிடும்.

திருவெறும்பூர் பாய்லர்காரர்:

தம்பி, ஆரம் கொடுத்தால் எண் நிற்கும், உண்மைதான். ஆனால் அரை மி.மீ. கொடுத்தால் ஒரு எண்ணிலும் 2 மி.மீ. கொடுத்தால் வேறொரு எண்ணிலும் நிற்கும். அப்போது விடையைத் தீர்மானிப்பது நீங்கள் தட்டிய ஆரம்.

உங்கள் நாலு எண்களையும் அடுத்தடுத்து வகுத்துப் பாருங்கள். 248-ஐ 182-ஆல், 341-ஐ 248-ஆல், 466-ஐ 341-ஆல். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 1.37. இது தற்செயல் இல்லை. இப்படிப்பட்ட மூலைகளுக்கு வில்லியம்ஸ் என்பவர் 1952-லேயே கணக்குப் போட்டுவிட்டார். சுற்றிலும் 270 பாகைக்குப் பொருள் நிறைந்த மூலையில், நெருங்க நெருங்க ஸ்ட்ரெஸ் தூரத்தின் 0.455 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும். தூரம் பாதியானால் 2-இன் 0.455 அடுக்கு, அதாவது 1.37 மடங்கு. உங்கள் மெஷ்ஷில் தவறே இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு எலாஸ்டிசிட்டி கோட்பாடு தரும் சரியான விடை முடிவிலி, அதை நோக்கித்தான் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த வகுத்தலை ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுதுங்கள். எனக்கு 1.37 தெரிந்தபோது மனசு நிறைந்தது.

வெல்டை 45 பாகைச் சரிவாக வரைந்தாலும் ஏற்றம் நிற்காது, 1.25 மடங்காகக் குறையும், அவ்வளவுதான். அதனால் வெல்டிங் ஆட்கள் மூலையில் படிப்பதையே விட்டுவிட்டார்கள். வெல்டு ஓரத்திலிருந்து தடிமனில் 0.4 மடங்கு தூரத்தில் ஒன்று, 1 மடங்கு தூரத்தில் ஒன்று, இரண்டு இடத்தில் மேற்பரப்பு ஸ்ட்ரெஸ்ஸைப் படியுங்கள். உங்களுக்கு 2.4 மி.மீ.யும் 6 மி.மீ.யும். முதலாவதை 1.67-ஆல் பெருக்கி, இரண்டாவதை 0.67-ஆல் பெருக்கிக் கழித்தால் ஹாட் ஸ்பாட் ஸ்ட்ரெஸ், அதாவது மூலையின் கூர்மையை விட்டுவிட்டு வெல்டு ஓரம் வரை நீட்டிக் கணித்த ஸ்ட்ரெஸ். அந்த இடத்தில் எலிமென்ட் 2.4 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நிஜச் சக்கரத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சியை அளக்கும் சிறு பட்டை) ஒட்டி அளப்பதும் இதே தூரங்களில்தான், அதனால் பின்னால் ஒப்பிடவும் வசதி. ஆரமே வேண்டுமென்றால் அதற்கும் முறை உண்டு: 1 மி.மீ., அதற்கென்றே தனி ஃபேட்டீக் வளைகோடு (எந்த ஸ்ட்ரெஸ்ஸுக்கு எத்தனை முறை சுமை ஏறி இறங்கினால் விரிசல் விடும் என்று காட்டுவது). ஒரு முறையின் ஸ்ட்ரெஸ்ஸை இன்னொன்றின் வளைகோட்டில் வைக்காதீர்கள், நிறைய ரிப்போர்ட் அங்கேதான் கெடுகிறது.

பாபநாசம் பட்டறை:

கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, விரிசல் தெரியும். அதன் மேலேயே வெல்டிங் ராடை ஓட்டி மூடினால் அடுத்த நடவுக்குள் திரும்பி வரும். கிரைண்டர் வைத்து அடி தெரிகிற வரைக்கும் வி மாதிரி வெட்டிவிட்டு நிரப்புங்கள். புது வீல் என்றால் வெல்டு ஓரத்தில் அண்டர்கட் பள்ளம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வழுவழுப்பாகத் தேய்த்துவிடுங்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

மன்னார்குடி மெக்கானிக்கல்:

எல்லோருக்கும் நன்றி. பாய்லர்காரர் ஐயா, வெல்டை வரைந்து நீங்கள் சொன்னபடியே படித்தேன். 2.4 மி.மீ.யில் 128, 6 மி.மீ.யில் 104, ஹாட் ஸ்பாட் 144. மெஷ்ஷைப் பாதியாக்கினால் 146. நின்றுவிட்டது!

சுமை தாங்கும் ஃபில்லட் வெல்டுக்கு (மூலையில் போடும் வெல்டு) 20 லட்சம் சுமைச் சுற்றில் 90 மெகாபாஸ்கல் என்ற வளைகோட்டில் வைத்தால் சுமார் 4.9 லட்சம் சுற்று வருகிறது. சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஒரு சுமைச் சுற்று என்று கொண்டு, ஒரு சுற்றுக்கு 3.8 மீட்டர், உழவு அகலம் 2 மீட்டர், ஏக்கருக்கு மூன்று சால் என்று வைத்தால் ஏக்கருக்கு 1,600 சுற்று. ஆக 300 ஏக்கர். அப்பாவுக்கு ஏக்கர் சொன்னால் பிடிபடாது, எங்கள் பக்கத்து நில அளவில் 45 வேலி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதைவிடக் கூடவே ஓடும்டா, வரப்பு ஏறும்போது மட்டும்தானே டக்குன்னு சத்தம் வரும்" என்றார்.

திருவெறும்பூர் பாய்லர்காரர்:

அப்பா சொல்வதுதான் சரி. 6,000 நியூட்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதே ஆங்கிளில் விழாது. போதாததற்கு அந்த வளைகோடே பெரும்பாலான வெல்டுகள் தாண்டிவிடும்படி கீழே இறக்கிப் போட்டது. சேற்றுத் தண்ணீரின் அரிப்பு எதிர்ப்பக்கம் இழுக்கும். இனி மெஷ்ஷைத் தொடாதீர்கள், சுமையைத் தேடுங்கள். ஒரு ஆங்கிளுக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு, ஒரு ஏக்கர் முடிவதற்குள் அது எத்தனை முறை வரப்பில் மோதுகிறது என்று வயலில் நின்று எண்ணுங்கள்.

மன்னார்குடி மெக்கானிக்கல்:

சரி ஐயா. பக்கத்து ஊரில் போர் தண்ணீர் வைத்து இந்த வாரமே சேறடிக்கிறார்கள். மஞ்சள் பெயின்ட் வாங்கிவிட்டேன். எண்ணிக்கையோடு வருகிறேன்.