குறட்டைக்கு டாக்டரிடம் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் நானே எழுதுகிறேன். என் கணவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே குறட்டை உண்டு, உழைத்த உடம்பு அசந்து தூங்குகிறது என்பார் மாமியார். சத்தம் எனக்குப் பழகிவிட்டது, பயமாக இருந்தது சத்தம் நிற்கும் நேரம்தான். திடீரென்று அமைதியாகிவிடும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூக்கருகே கை வைத்தால் காற்றே வராது, அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி திணறி மூச்சை இழுப்பார். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். பிரஷர் மாத்திரைக்குப் பிரஷர் அடங்கவில்லை, எழுந்ததும் தலைவலி, சிக்னலில் வண்டியை நிறுத்தினால் கண் சொக்கும்.

தனியாகப் போனபோது வெயிட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை நான் கூடவே போய், ராத்திரி எடுத்த வீடியோவை வேறொரு இஎன்டி டாக்டரிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார், மூக்கு, தொண்டை எல்லாம் பார்த்து, கழுத்தை டேப்பால் அளந்து, ஸ்லீப் ஸ்டடி, அதாவது ராத்திரி தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் டெஸ்ட், எழுதிக் கொடுத்தார். தலைமுடிக்குள் பசை தடவி ஒயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் சின்னக் குழாய், விரலில் கிளிப். இத்தனையோடு எப்படித் தூங்குவது என்றவர் கொஞ்ச நேரத்திலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

ஏஹெச்ஐ 46 என்று வந்தது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு அது, பெரியவர்களுக்கு 5க்குள் இருக்க வேண்டும், 30ஐத் தொட்டாலே தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது. இப்போது சிபாப் மெஷின், அதாவது மூச்சுப்பாதை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் மெஷின், போட்டுத் தூங்குகிறார். முதலில் கொடுத்த பெரிய மாஸ்க்கில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது, கழற்றி எறிந்துவிடுவார், மூக்குக்கு மட்டுமான மாஸ்க்குக்கு மாறியதும் சரியாகிவிட்டது. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, குறட்டை விடுபவரைத் தனியாக டாக்டரிடம் அனுப்பாதீர்கள், அவருக்கு ராத்திரி நடப்பது எதுவுமே தெரியாது.

—

அக்கா, எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பையனுக்கு இதே கதை. வாயைத் திறந்தபடி தூங்குவான், படுக்கையை நனைப்பான், பகலில் ஒரு இடத்தில் உட்கார மாட்டான், டீச்சர் சேட்டை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருந்தது தெரிந்தது. டான்சிலோடு சேர்த்து எடுத்தார்கள். இப்போது அவன் மூச்சு விடுவதே கேட்பதில்லை, தூக்கத்தில் நான்தான் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

—

என் அம்மா குறட்டை விடுவதை வெளியே சொல்லவே கூச்சப்பட்டார், சொந்தக்காரர் வீட்டில் ராத்திரி தங்கவே மாட்டார். பகலெல்லாம் சோர்வு, ராத்திரி நாலைந்து முறை பாத்ரூம், சர்க்கரையால்தான் என்று நினைத்திருந்தோம். நுரையீரல் டாக்டர்தான் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். அக்கா, அந்த மாஸ்க் வாடகைக்குக் கிடைக்குமா, இல்லை மெஷின் மட்டும்தானா?

—

மெஷின் மட்டும்தான் வாடகைக்குக் கொடுத்தார்கள், மாஸ்க்கைப் புதிதாக வாங்கச் சொன்னார்கள். அம்மாவைப் படுக்க வைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்த்தால் கசிவு தெரியாது.