துணி சுற்றிய வெற்றி வளைவு: அம்மாவை அழைத்துப் போகலாமா?

கலா, லியோன் (21 செப்டம்பர் 2021)

பாரிஸில் இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். வெற்றி வளைவான ஆர்க் து திரியோம்ஃபை, கிறிஸ்டோ என்ற கலைஞரின் திட்டப்படி முழுக்கத் துணியால் சுற்றி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்க்க வருகிற சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்டோபர் 3 வரைதான் இருக்கும் என்பதால் இதைவிட்டால் எனக்கு வேறு விடுமுறை இல்லை. சிக்கல் அம்மாதான்.

அம்மாவுக்கு 71 வயது. புதுச்சேரிக்காரர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 வந்தால் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போன பெண் இப்போது என்னிடம் கேட்கிறார்: "பெயர் தெரியாத சிப்பாய் படுத்திருக்கிற இடம். அங்கே போய்ச் சீலையைச் சுற்றிக் கயிறு கட்டி வேடிக்கை காட்டுகிறார்கள். நீ காசு செலவழித்துப் பார்க்கப் போகிறாயா?"

வளைவின் அடியில் இருக்கும் அந்தச் சிப்பாயின் கல்லறையையும் மூடிவிட்டார்களா? அணையா விளக்கு எரிகிறதா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. கிட்டே போக டிக்கெட் வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

தையல் மாஸ்டர், சார்செல்

சகோதரி, அம்மாவை மனம் தேற்றி அழைத்து வாருங்கள். துணி வளைவின் உடம்புக்குத்தான். நடுவே கல்லறை திறந்தே இருக்கிறது, அதன்மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. தினமும் மாலை 6.30க்குச் சுடரைத் தூண்டிவிடும் சடங்கு 1923 முதல் நடக்கிறதே, அதை இதற்காக நிறுத்தவில்லை. ஞாயிறன்று நின்று பார்த்தேன். வயதான முன்னாள் வீரர்கள் கொடி பிடித்து நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் துணி காற்றில் விம்மிக்கொண்டிருந்தது.

சிற்பம், ஓவியம் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. சாந்தியே பகுதியில் முப்பத்திரண்டு வருடம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவன், ஆகவே துணியைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் 25,000 சதுர மீட்டர். பாலிப்ரொப்பிலீன், அதாவது நம் ஊரில் அரிசி மூட்டை வருகிற பிளாஸ்டிக் சாக்கின் ஜாதி. ஜெர்மனியில் நெய்தது. துணி நீலம், மேலே அலுமினியப் பூச்சு. அதனால் தூரத்தில் வெள்ளியாகத் தெரிகிறது, கிட்டே போனால் மடிப்புக்குள் நீலம் ஒளிந்திருக்கிறது. உடம்போடு ஒட்டத் தைக்கவில்லை. தாராளமாக உபரி விட்டு, கொசுவம் வைத்தாற்போல் மேலிருந்து கீழே விழவிட்டிருக்கிறார்கள். 3,000 மீட்டர் சிவப்புக் கயிறு அதைப் பிடித்து நிறுத்துகிறது. சிலைகள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் கூண்டு. கோட்டுக்குள் கேன்வாஸ் வைக்கிற வேலைதான், அளவுதான் பெரிது.

அங்கே நிற்கும் பணியாளர்களிடம் கேட்டால் அதே துணியில் ஒரு சின்னச் சதுரம் இலவசமாகத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கெட்டியான நெசவு. கணக்கும் போட்டேன்: புடவையாக வெட்டினால் ஏறக்குறைய நாலாயிரம் தேறும். அரிசிச் சாக்கை யார் கட்டிக்கொள்வார்கள் என்றாள் என் மனைவி.

கிட்டே போக டிக்கெட் வேண்டாம். மேல்தளத்துக்கு ஏறத்தான் டிக்கெட்டும், இந்தக் கொரோனாக் காலத்தில் சுகாதாரச் சான்றும். 284 படி, அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். சனி, ஞாயிறுகளில் அந்தச் சுற்றுச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. பன்னிரண்டு சாலைகள் வந்து மோதுகிற இடத்தில் நடுரோட்டில் நடக்கலாம்! பாரிஸில் நீங்கள் வந்து இறங்கும் கார் து லியோன் ரயில் நிலையத்திலேயே மெட்ரோ 1ஐப் பிடித்து ஜார்ஜ் சேங்க்கில் இறங்குங்கள். அங்கிருந்து ஷான்ஸெலிசே வழியாக மெல்ல நடந்தால் வளைவு முழுசாக எதிரே வரும். கல் பாவிய தரை, தட்டையான செருப்பு நல்லது.

மணி, நாந்தேர்

எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிறீர்கள், நான் மட்டும் கசப்பாகப் பேசுகிறேன். ஒரு கோடியே நாற்பது லட்சம் யூரோ, 16 நாளுக்கு. கிறிஸ்டோவின் படைப்புகளை விற்ற பணம், அரசுப் பணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே? அவருடைய நண்பரான கட்டடக் கலைஞர் கார்லோ ராட்டியே இதைக் கைவிடச் சொல்லி எழுதினார். போதாக்குறைக்குச் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற எனக்கு பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது.

தையல் மாஸ்டர், சார்செல்

மணி தம்பி, பிளாஸ்டிக் பற்றி நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸுக்கு என் அனுதாபங்கள்.

ஆனால் அந்த 16 நாளுக்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். கிறிஸ்டோ பல்கேரியாவிலிருந்து தப்பி வந்த மனிதர், இதே வளைவுக்குப் பக்கத்தில் சின்ன அறையில் வாடகைக்கு இருந்தபோது தோன்றிய எண்ணம். 1962இலேயே புகைப்படத்தை வெட்டி ஒட்டி, சுற்றினால் எப்படி இருக்கும் என்று செய்து பார்த்திருக்கிறார். அவரும் மனைவி ஜான்-குளோதும் 1935 ஜூன் 13, ஒரே நாளில் பிறந்தவர்கள். 1985இல் இருவரும் பாரிஸின் போன் நெஃப் பாலத்தைச் சுற்றினார்கள். மனைவி 2009இல் போய்விட்டார். வளைவுக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்து 2020 ஏப்ரலுக்கு நாள் குறித்தால், அங்கே வல்லூறுகள் கூடு கட்டும் பருவம் என்று செப்டம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு கொரோனா, இன்னொரு வருடம். இடையில் 2020 மே 31 அன்று கிறிஸ்டோவும் காலமானார். எஜமானன் இல்லாமல் அளவுச்சீட்டை மட்டும் வைத்துத் தைத்து முடித்திருக்கிறார்கள்.

கலா, லியோன் (26 செப்டம்பர்)

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

அம்மா ஷான்ஸெலிசே முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். "இதற்கு எப்போது கும்பாபிஷேகம்?" என்று ஒரு குத்தல் வேறு. திருப்பணி நடக்கும்போது வில்லியனூர்க் கோபுரத்தை மூடி வைத்திருந்தது ஞாபகம் வந்துவிட்டதாம். வளைவின் அடியில் போனதும் துணியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஜவுளிக்கடையில் பார்ப்பாரே, அதேபோல்.

கூட்டம் அதிகம், உட்கார இடமே இல்லை. ஆறரைக்கு முன் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்பிப் போகலாமா என்றேன், வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். சுடரைத் தூண்டியபோது செருப்பைக் கழற்றிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மேலே அண்ணாந்து பார்த்து, "சிப்பாய்க்குக் கோடித் துணி போட்டிருக்கிறார்கள். போடட்டும்" என்றார்.

ரயிலில் அந்தச் சதுரத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவிழ்த்த பிறகு இவ்வளவு துணியையும் என்ன செய்வார்கள் என்று மாஸ்டரிடம் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.