‘டிஸ்இன்ட்ரஸ்டட்’: ஆர்வம் இல்லாதவரா, ஆதாயம் இல்லாதவரா?

கயல்விழி:
ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ‘ஆர்வமில்லாத சாட்சியின் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கிறது’ என்ற வரி கண்ணில் பட்டது. மூலத்தில் இருந்த சொல் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’. வழக்கு எப்படி முடிந்தாலும் தமக்கு லாபமோ நட்டமோ இல்லாதவர் என்பதே அங்கு அதன் பொருள். ஆர்வமில்லாதவரைக் குறிக்க ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலேயரிலும் அமெரிக்கரிலும் பலர் இன்று இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். அந்தக் குழப்பம் தமிழுக்குள் வரும்போது, நம்பத்தகுந்த சாட்சி ஏனோதானோவென்று பேசியவராகிவிடுகிறார். இந்த வேறுபாட்டை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இளமாறன்:
தமிழாக்கம் தவறு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், குழப்பம் இன்று முளைத்தது என்று சொல்வதை ஏற்க முடியாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவிஞர் ஜான் டன் இச்சொல்லை அக்கறையற்ற என்ற பொருளில் ஆண்டிருக்கிறார்; சார்பற்ற என்ற பொருளுக்குக் கிடைக்கும் சான்றுகள் அதற்குச் சற்றுப் பிற்பட்டவை. அக்காலத்தில் ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்பதே சார்பற்ற என்ற பொருளில் வழங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதற்பதிப்பு, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதன் ஆர்வமற்ற என்ற பொருளை, வழக்கொழிந்திருக்கலாம் என்ற ஐயக்குறியோடு பதிந்தது. பிறகு அந்தப் பொருள் மீண்டும் பரவியதும் குறியை நீக்க வேண்டியதாயிற்று. பழைய பொருள் திரும்பி வந்ததைச் சிதைவு என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

கயல்விழி:
நீங்கள் தந்த வரலாற்றை அப்படியே ஏற்கிறேன். ஆனால், எது முதலில் வந்தது என்பதை வைத்து ஒரு சொல்லின் இன்றைய பொருளை முடிவு செய்தால், ‘நாற்றம்’ என்ற சொல்லை நறுமணத்துக்கும் எழுத வேண்டிவரும். இரண்டு கருத்துகளுக்கு இரண்டு சொற்கள் அமைந்துவிட்ட பிறகு, அந்த வசதியை ஏன் இழக்க வேண்டும் என்பதே என் கேள்வி. அழகை உணரும் இன்பத்தை 1790இல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் விளக்கியபோது, அந்த அழகிய பொருளை உடைமையாக்கும் விருப்பமோ அதனால் பெறும் பயனோ கலவாத இன்பம் என்றார். அதை ஆங்கிலத்தில் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ இன்பம் என்கிறார்கள். அங்கே ஆர்வமற்ற என்று படித்தால், லயித்து நிற்பவரைச் சலித்து நிற்பவராக்கிவிடுவோம்.

இளமாறன்:
வசதி உண்டுதான். ஆனால், மக்கள் ஏன் மாற்றி எழுதுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்பதற்கு வழக்கில் நிலைத்த பெயர்ச்சொல் கிடையாது. ஆர்வமின்மையைச் சொல்ல ‘டிஸ்இன்ட்ரஸ்ட்’ என்றுதான் நல்ல எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள். பெயர்ச்சொல் அந்தப் பக்கம் போய்விட்ட பிறகு பெயரடையை மட்டும் எத்தனை காலம் கட்டிவைக்க முடியும்? படிப்பவர் இருவிதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய சொல்லைத் தவிர்த்து, நடுநிலையான என்று பொருள்படும் ‘இம்பார்ஷியல்’ என்ற சொல்லை ஐயத்துக்கு இடமின்றி எழுதுவதே பொறுப்பான எழுத்து.

மாசிலாமணி:
வழக்கறிஞராக இருப்பதால் குறுக்கிடுகிறேன். இளமாறன் அவர்களே, நீங்கள் தரும் மாற்றுச்சொல் இந்தச் சொல்லின் வேலையைச் செய்யாது. ‘இம்பார்ஷியல்’ என்பது மனநிலையைச் சொல்கிறது. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஒருவருக்கு அந்த விவகாரத்தில் பங்கு உண்டா இல்லையா என்பதைச் சொல்கிறது. அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1852இல் தீர்த்த, டைம்ஸ் (Dimes) என்பவரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் நிறுவனத்துக்குச் சாதகமான ஆணைகளை, நாட்டின் உயர் நீதிப் பதவியான லார்ட் சான்சலர் பதவியில் இருந்த காட்டன்ஹாம் உறுதிசெய்திருந்தார். அந்த நிறுவனத்தில் அவருக்கே பங்குகள் இருந்தன. பங்குகள் அவருடைய மனத்தைச் சிறிதும் அசைத்திருக்கும் என்று யாரும் கருத முடியாது என்று அந்தச் சபையில் தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான லார்ட் கேம்பெல் வெளிப்படையாகவே கூறினார். ஆயினும், தமக்குப் பங்குள்ள வழக்கை ஒருவர் தீர்க்கக் கூடாது என்பதற்காக அவருடைய ஆணை ரத்தாயிற்று. அவர் நடுநிலையாளர்தான், ஆனால் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆக இருக்கவில்லை.

நம் உச்ச நீதிமன்றமும் 1953இல் தலிப் சிங் வழக்கில் இதே கோட்டை மறுபக்கத்திலிருந்து வரைந்தது. கொலையுண்டவரின் உறவினர் என்பதற்காக மட்டும் ஒரு சாட்சியை ஒதுக்கிவிட முடியாது, உண்மையான குற்றவாளியைத் தப்பவிட நெருங்கிய உறவினர் எளிதில் துணியமாட்டார் என்பது அதன் சாரம். உறவு வேறு, ஆதாயம் வேறு.

இளமாறன்:
டைம்ஸ் வழக்கு என் மாற்றுச்சொல்லை முறியடிக்கிறது. நீதிமன்ற எழுத்தில் இந்தச் சொல் இருக்கட்டும். நாளிதழ் வாசகருக்கு எழுதும்போது மட்டும் அதைத் தனியே நிற்கவிடாதீர்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காட்டன்ஹாமைப் பற்றி நீங்கள் விளக்கிய பிறகுதானே அந்த வேறுபாடு இங்கே அனைவருக்கும் தெளிவாயிற்று? சொல் தானாக அதைச் சொல்லிவிடவில்லை. கயல்விழி அவர்களே, அந்த வரியை எப்படித் திருத்தினீர்கள்?

கயல்விழி:
‘நடுநிலையான சாட்சி’ என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். மாசிலாமணி ஐயா சொன்ன காரணத்தால் அதுவும் பொருந்தாது. ‘வழக்கின் முடிவில் தமக்கு எந்த ஆதாயமும் இல்லாத சாட்சி’ என்று எழுதி அனுப்பப்போகிறேன். நீளம்தான், தீர்ப்பைப் படிப்பவர் அந்தச் சாட்சியைத் தவறாக எடைபோடாமல் இருக்க அந்த நீளம் வேண்டும்.