பழைய பேண்ட் நம்மகிட்ட ஓட்டு கேட்டு ஆல்பம் போட்டா நல்லதா, கூத்தா?

பழைய_கேசட்:
வணக்கம் மக்களே. முப்பது வருஷமா நான் கேக்குற ஒரு பேண்ட் (பேர் வேண்டாம், சொன்னா இங்க சண்டை ஆரம்பிச்சிடும்) போன வாரம் மெயில் அனுப்பிருக்காங்க. அடுத்த ஆல்பத்துக்கு பதினாறு டெமோ (பாட்டோட மாதிரி ரெகார்டிங்) ரெடி, காசு கட்டி உள்ள வந்தா எல்லாத்தையும் கேக்கலாம், எது ஆல்பத்துல வரணும்னு ஓட்டு போடலாம், ஒரு பாட்டு கோரஸுக்கு நம்ம குரலையே ரெகார்ட் பண்ணி அனுப்பலாமாம். படிச்ச உடனே தலகால் புரியல. அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா ஒரு மாதிரி ஆயிடுச்சு. இவங்கள எனக்கு புடிச்சதே நான் எதிர்பாக்காததை செஞ்சதாலதான. மூணாவது ஆல்பம் வந்தப்ப நான் திட்டாத திட்டில்ல, கேசட்டை தம்பிகிட்ட தூக்கி குடுத்துட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சு அவன்கிட்டயே கெஞ்சி திரும்ப வாங்கினேன், இன்னைக்கு வரைக்கும் அதுதான் எனக்கு உசுரு. அன்னைக்கு என்கிட்ட ஓட்டு கேட்டிருந்தா அந்த ஆல்பமே வந்திருக்காது. இப்படி வேற யாராச்சும் செஞ்சு உருப்பட்டிருக்காங்களா?

ராகு_காலம்:
அண்ணே, காசு குடுக்குறதும் கருத்து குடுக்குறதும் வேற வேற, முதல்ல அதை பிரிச்சுக்கோங்க. காசு விஷயத்துல இங்கிலாந்து ராக் பேண்ட் மரிலியன்தான் முன்னோடி. 1997ல அமெரிக்கா பக்கம் டூர் வர காசு இல்லன்னு அவங்க கீபோர்டு ஆளு மார்க் கெல்லி இன்டர்நெட்ல சொல்லப்போக, ரசிகர்களே ஒரு கணக்கு ஆரம்பிச்சு சுமார் 60,000 டாலர் சேத்துட்டாங்க. பேண்ட் கேக்கவே இல்ல. அந்த தைரியத்துலதான் 2001 ஆல்பத்துக்கு ரெகார்டிங்குக்கு முன்னாடியே காசு கட்டுவீங்களான்னு மெயில்ல கேட்டாங்க, 12,000 பேருக்கு மேல கட்டினாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க, பாட்டுல ஒரு சுரத்துல கூட ரசிகன் கை வெக்கல.

கருத்து விஷயத்துல எனக்கு தெரிஞ்சு ஒழுங்கா செஞ்சது ஐன்ஸ்டுர்சண்டே நொய்பாட்டன், பெர்லின்ல 1980ல ஆரம்பிச்ச கும்பல், இரும்பு தகரம் டிரில்லிங் மெஷின் எல்லாம் வெச்சு வாசிப்பாங்களே அவங்கதான். 2002ல சப்போர்ட்டர் திட்டம்னு தொடங்கி, சந்தா கட்டினவங்களுக்கு ரிகர்சலையே வெப்கேம்ல நேரடியா காட்டினாங்க. பாட்டு அரைகுறையா இருக்கும்போதே பாத்துட்டு ஜனங்க எழுதுவாங்க, பேண்டும் பதில் சொல்லும். அதுக்காக ரசிகன் சொன்னதெல்லாம் பாட்டுல வந்துடும்னு நினைக்காதீங்க, அவங்க பாடகர் ப்ளிக்ஸா பார்கெல்ட் அப்படி ஆளும் இல்ல. நான் பாத்த வரைக்கும் கேள்வி "இது வேணுமா வேண்டாமா"ன்னு இருக்கறப்பதான் கெடுது. "நாங்க இப்படி பண்ணிட்டிருக்கோம், என்ன கேக்குது உங்களுக்கு"ன்னு இருந்தா கெடாது. 2007ல லேபிலே (ஆல்பம் வெளியிடற கம்பெனி) இல்லாம அந்த சந்தா காசுலயே ஒரு முழு ஆல்பம் போட்டாங்க, மெத்தனமா ஒரு நிமிஷம் கூட இருக்காது அதுல.

டிரம்_குச்சி:
ஓட்டு போட்டா என்ன ஆகும்னு தெரியணுமா, மெட்டாலிகா 2014ல ரசிகர் ஓட்டுல செட்லிஸ்ட் (மேடைல வாசிக்கற பாட்டு வரிசை) போட்டு டூர் போனாங்க, லிஸ்ட்டை எடுத்து பாருங்க. பெரும்பாலும் 80கள்ல வந்ததும் 91 ஆல்பமும்தான். புதுசா இருந்தது பேண்ட் தானா சேத்த ஒரே ஒரு பாட்டு. நம்ம எல்லாருக்கும் பதினேழு வயசுல கேட்டதுதான் வேணும், அவ்ளோதான் விஷயம்.

லூப்_மாமா:
டிரம்_குச்சி சொல்றது மேடைக்கு சரி, புது பாட்டுக்கு அப்படியே பொருந்தாது, கேக்காத பாட்டுக்கு எப்படி பதினேழு வயசு ஞாபகம் வரும்?

நான் இன்னொரு வழி சொல்றேன். ஓட்டெல்லாம் வேண்டாம், டிராக்கை, அதாவது குரல், ஒவ்வொரு வாத்தியம்னு தனித்தனி ரெகார்டிங்கை, பிரிச்சு குடுத்துடணும். நைன் இன்ச் நெயில்ஸ் 2005லயே ஒரு பாட்டோட மொத்த டிராக்கையும் தனித்தனியா இலவசமா விட்டாங்க, யார் வேணா பிரிச்சு மேயலாம்னு. ரேடியோஹெட் 2008ல 'ந்யூட்' பாட்டை குரல், பேஸ், டிரம்ஸ்னு அஞ்சு துண்டாக்கி வித்தாங்க, ஆமா வித்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி காசு 😀. அந்த குரல் டிராக்கை மட்டும் தனியா கேட்ட அன்னைக்குதான் பாட்டுன்னா எவ்ளோ காலி இடம்னு எனக்கு புரிஞ்சுது. ஒரிஜினல் பாட்டு அப்படியே பத்திரமா இருக்கு, நம்ம ஆசையும் தீந்துது.

ஆனா விதிமுறைய படிச்சுட்டு அனுப்புங்க. நான் ஒரு பேண்டோட போட்டிக்கு (அதுவும் பேர் வேண்டாம்) ரெண்டு மாசம் உக்காந்து ரீமிக்ஸ் பண்ணி, புதுசா ஒரு மெலடி எல்லாம் சேத்து அனுப்பினேன். அப்புறம்தான் பாத்தேன், அனுப்பின நிமிஷத்துலயே அது அவங்க சொத்தாம். என் மெலடிய நானே வேற எங்கயும் வாசிக்க முடியாது. தோத்தும் போனேன்.

மழை_பி_சைடு:
கைசர் சீஃப்ஸ் 2011ல பண்ணது நினைவிருக்கா யாருக்காச்சும்? இருபது பாட்டு வெச்சு நீயே பத்து பொறுக்கிக்கோ, அட்டையும் நீயே போட்டுக்கோ, உன் வரிசைய வேற ஒருத்தன் வாங்கினா உனக்கு ஒரு பவுண்டுன்னாங்க. ஐடியா செம. ஆனா ஆளாளுக்கு கையில ஒரு ஆல்பம், "அந்த நாலாவது பாட்டு இருக்கே"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவன் லிஸ்ட்ல அது இல்லவே இல்ல. சண்டை போடக்கூட பொதுவா ஒண்ணு வேணும்ல. கடைசில பேண்டே ஒரு வரிசை போட்டு சிடி விட்டாங்க.

கேசட் அண்ணா, காசு கட்டறதுக்கு முன்னாடி அது நேரா பேண்டுக்கு போகுதா நடுவுல ஒரு கம்பெனி வெச்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. ரசிகர்கிட்ட காசு வாங்கி பேண்டுக்கு குடுக்குற ப்ளெட்ஜ்மியூசிக்னு ஒரு கம்பெனி 2019ல மூழ்கினப்ப ரசிகர்கள் கட்டின காசு நிறைய பேண்டுக்கு போய் சேரவே இல்ல.

ராகு_காலம்:
கோரஸ் குரலை மட்டும் தயங்காம அனுப்புங்கண்ணே. கூட்டமா சேந்து பாடறதுல யாரும் எதையும் முடிவு பண்றதில்ல, அதனால அதுல கெடவும் ஒண்ணும் இல்ல. தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ் 2009 ஆல்பத்துக்கு ரசிகர்களை கூட்டி வெச்சு கத்த வெச்சு கைதட்ட வெச்சு ரெகார்ட் பண்ணாங்க, அட்டைலயும் ரசிகர் முகம், 2,000 விதமான அட்டை. பாட்டு புடிக்குதோ இல்லயோ அந்த சத்தம் ஸ்டுடியோல நாலு பேர் நின்னு பண்றது இல்ல, அது தனி.

பழைய_கேசட்:
எல்லாருக்கும் நன்றி. விசாரிச்சுட்டேன், காசு நேரா அவங்களுக்குத்தான் போகுது, கட்டிட்டேன். கோரஸ் நாலு தடவ ரெகார்ட் பண்ணேன், மூணு தடவ நாய் குறுக்க வந்துச்சு, நாலாவதை அனுப்பியாச்சு. பதினாறு டெமோவும் கேட்டாச்சு. ஒண்ணு ரெண்டு நாலு பத்து எல்லாம் சூப்பர், அப்படியே பழைய சவுண்ட். ஏழாவது சகிக்கல, கிடாரே இல்ல, பாடறவர் முணுமுணுக்கறாரு, முடிஞ்சதா இல்லயான்னு கூட தெரியல.

ஏழாவதுக்கு ஓட்டு போட்டுட்டேன்.