பில்பராவில் தம்பி அறை வாசலில் மலைப்பாம்பாம், பயப்படணுமா?

தண்டையார்பேட்டை அக்கா:
என் தம்பி ஆஸ்திரேலியாவில் பில்பரா பக்கம் இரும்புத்தாது சுரங்கத்தில் ஃபிட்டர். நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால், அறைப் படி ஓரம் கல் இடுக்கில் ஒரு பாம்பு. செங்கல் நிறம், ஒரு முழம்தான் இருக்குமாம். கூட இருந்தவர்கள் மலைப்பாம்பு என்றதை இவன் அப்படியே அம்மாவிடம் சொல்லிவிட்டான், அம்மா காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. இது குட்டியா? தாய்ப்பாம்பு பக்கத்தில் இருக்குமா? விஷம் உண்டா?

காசிமேடு வாசி:
அக்கா, அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். அது குட்டியாக இருக்கணும் என்றே இல்லை. பில்பராவில் பிக்மி பைத்தான் என்று ஓர் இனம் உண்டு, மலைப்பாம்புகளிலேயே உலகத்தில் மிகச் சின்னது, முழுசாக வளர்ந்தாலே இரண்டடிதான், எடை சுமார் 200 கிராம். விஷம் கிடையாது, இரையைச் சுற்றி நெருக்கித்தான் கொல்லும், அதுவும் பல்லி, சுண்டெலி அளவுக்குத்தான். பகல் வெயிலில் பாறை இடுக்கிலோ கரையான் புற்றுக்குள்ளோ கிடக்கும். புற்றுக்குள் வெளியே மாதிரி சூடு ஏறி இறங்காது, பல்லியும் அங்கேயே கிடைத்துவிடும். அங்கே அதற்குப் புற்று மலைப்பாம்பு என்றே இன்னொரு பெயர். நம்ம அம்மன் கோயில் புற்றைச் சொல்லி அம்மாவுக்கு விளக்குங்கள்.

மணலி புதுநகர்:
எல்லாம் சரி, ஆனால் தம்பி அதைக் கையில் எடுக்கவே கூடாது. அதே பில்பராவில், அதே செம்மண் நிறத்தில் டெத் ஆடர் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் குட்டைதான், விஷம் கடுமையானது. தடித்த உடம்பு, குறுக்கே பட்டை, அகன்ற முக்கோணத் தலை, வால் நுனி மட்டும் புழு மாதிரி. இருட்டில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 2023 மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் தெருவில் ஒருவர் மலைப்பாம்புக் குட்டி என்று துடைப்பத்தால் தள்ளப் போனார், டார்ச் அடித்தால் முதுகு நெடுக சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள், குக்கர் மாதிரி சீறல். கண்ணாடி விரியன்! அன்றிலிருந்து 'குட்டிதானே' என்று யாராவது சொன்னாலே எனக்குப் பதறும்.

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தலை ஒடுக்கம், பட்டை இல்லை, வால் சீராக மெலிகிறது. தம்பி தொடவில்லையாம், இனி ராத்திரியில் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் இறங்க மாட்டேன் என்றான். புற்றில் இருக்கிறது என்றதும் அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார், அப்புறம் அவரே அவனுக்கு போன் போட்டு, 'அது மேல யாரும் கால் வெச்சிடாம பாத்துக்கோடா' என்றார்.