மருது சகோதரர்கள் நாடகத்துக்குத் தலைப்பாகையும் சுருக்குப்பையும் தைத்த அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் இளைஞர்கள் மருது சகோதரர்களின் இறுதிப் போரை நடித்துக் காட்ட முடிவு செய்தபோது, வேட்டி, சிவப்புச் சட்டை முதலியவற்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தலைப்பாகை, இடைக்கச்சை, சுருக்குப்பை, கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கான குறுக்குப்பட்டை, தோட்டாப்பை ஆகிய சில்லறைச் சாமான்களை மட்டும் என்னிடம் தைக்கக் கொடுத்தார்கள். கூட்டம் வாளையும் மீசையையும்தான் பார்க்கும், இடுப்பில் தொங்கும் பையை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். ஆனால் ஒரு காட்சி எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவை இந்தச் சில்லறைச் சாமான்களே என்பது இத்தனை காலம் தையல் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

இந்தக் கதைக்கு ஆண்டில் ஐயமே இல்லை. ஆங்கிலேயரை எதிர்த்துச் சின்ன மருது விடுத்த பெரும் அறிக்கை திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்டது 1801 ஜூன் 16ஆம் நாள். சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 24. செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதே 1856இல்தான் என்பதால், கண்ணைப் பறிக்கும் ஊதாவும் மயில் பச்சையும் முதலிலேயே கழிந்துவிட்டன. ஜிப், அழுத்துப் பொத்தான், ஒட்டுநாடா எதற்கும் இடமில்லை. வெளியே தெரியும் தையல் முழுவதையும் கையால் போட்டேன். உள்ளே மறையும் இடங்களில் இயந்திரத்தில் ஓட்டியதை யாரும் குறை சொல்ல முடியாது.

பெரிய வாக்குவாதம் சிப்பாய்களின் தலையணியைப் பற்றித்தான் வந்தது. நாடகத்தை நடத்தியவர் ஏதோ ஒரு படத்தில் பார்த்த, முன்புறம் தோல் குஞ்சம் வைத்த வட்டத் தலைப்பாகையைக் காட்டி, அதே போல வேண்டும் என்றார். அப்படிப்பட்ட புதிய தலைப்பாகையைச் சென்னைப் படையில் புகுத்த உத்தரவிட்டது 1805ஆம் ஆண்டின் கடைசியில். அந்த உத்தரவு நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்ததோடு, தலையில் தோலையும் சுமக்கச் செய்ததால்தான் சிப்பாய்கள் கொதித்து, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. "அண்ணே, வேலூரில் உயிரைக் கொடுத்து எதிர்த்த தலைப்பாகையைக் காளையார்கோயில் காட்டிலேயே மாட்டிவிட்டால், ஐந்து வருசம் முன்னாலேயே புரட்சி வந்திருக்க வேண்டுமே" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, துணியால் சுற்றிய தலைப்பாகைக்கு ஒப்புக்கொண்டார்.

சுருக்குப்பைக்கு மாதிரி தேடிக் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியின் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு வைத்திருந்த தம் பையைத் தரையில் கவிழ்த்துக் காட்டி, "இங்கே பாரு ஆத்தா, கயிறு ஒண்ணு இல்லை, ரெண்டு" என்றார்கள். ஒரு கயிறு இடப்பக்கம் புகுந்து வாய்ப்பட்டி முழுவதும் சுற்றி இடப்பக்கமே வெளிவருகிறது. இன்னொன்று வலப்பக்கம் அதே போல. இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் இறுக மூடிக்கொள்ளும். ஒற்றைக் கயிறு கோத்த கடைப் பைகளில் சுருக்கம் ஒரே பக்கமாக ஒதுங்கிக் காசு நழுவுவதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. உள்ளே தடுப்புத் துணி வைத்து அறைகள் பிரித்திருந்ததையும், அடியில் பின்தையலை நெருக்கமாகப் போட்டிருந்ததையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பழைய சாமான்களுக்குப் பெயர்போன முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடியிருந்தால் பை கிடைத்திருக்கலாம். அதை இழுத்து மூடிக் காட்டும் கை கிடைத்திருக்காது.

துணிக்கு முரட்டுப் பருத்தித் துணியான காடாவே போதுமானதாக இருந்தது. தோட்டாப்பை கறுப்புத் தோலில் இருக்க வேண்டும். ஆனால் தோலுக்குப் பணம் போதாததால், காடாவை இரண்டு மடிப்பாகத் தைத்து, கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவிட்டேன். துருப்பிடித்த ஆணிகளும் வெல்லமும் போட்டுப் பல நாள் புளிக்கவைத்த தண்ணீரைத் தூரிகையால் தொட்டதும், மஞ்சளாகக் கிடந்த துணி கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுத்தது. மேலே மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றிய பிறகு, நான்கடி தள்ளி நின்றவர்கள் தோலென்றே நம்பினார்கள். குறுக்குப்பட்டைகளுக்கு வெள்ளைக் காடாவை நான்காக மடித்து, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, வடிகஞ்சியில் விறைக்க வைத்ததோடு வேலை முடிந்தது.

ஆள் பற்றாக்குறையால், முதல் காட்சியில் மருது படையில் நின்ற பையன்களே அடுத்த காட்சியில் கும்பினிப் படையை நடத்திய கர்னல் அக்னியூவின் சிப்பாய்களாக வரவேண்டியிருந்தது. தலைப்பாகையை ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்க்க நேரமில்லை. தைத்து வைத்த தொப்பி போன்ற ஆயத்தத் தலைப்பாகையோ, மடிப்புகள் ஒரே சீராக விழுவதால், பார்த்த உடனே பொய் என்று தெரிந்துவிடும். எனவே அந்தந்தப் பையனின் தலையில் மெல்லிய துணிக் குல்லாயை மாட்டி, அதன்மேல் மல் துணியை அவனவன் வீட்டுப் பெரியவரைக் கொண்டே கட்டச் செய்து, மடிப்பு கலையாமல் உட்புறத்தில் மட்டும் நீளத் தையல்கள் போட்டுக் குல்லாயோடு இணைத்தேன். ஒவ்வொருவர் கட்டும் ஒவ்வொரு விதமாக, ஒன்று காதை மூடியும் ஒன்று பின்னால் வால் விட்டும் அமைந்தது. ஒரே அளவாக இருக்க வேண்டாமா என்று நாடகத்தை நடத்தியவர் கேட்டார். மருது படைக்குச் சீருடை இருந்ததில்லை, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சிப்பாய்களுக்கு உரியவற்றை மட்டும் என் கையாலேயே, ஒன்றைப் போல் மற்றொன்றாகக் கட்டித் தைத்துக் கொடுத்தேன்.