புதுப்பிப்பு: செபியா டோனிங்கில் மேகம் காணாமல் போனது ஏன்?

செபியா டோனிங் என்றால் கறுப்பு வெள்ளை பிரிண்டை முதலில் ப்ளீச்சில் வெளுத்து, பிறகு டோனரில் பழுப்பு நிறமாகத் திரும்ப வரவைப்பது. 6x6 செ.மீ. நெகட்டிவிலிருந்து ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத போட்டோ தாள்) எடுத்த பிரிண்டுகளில், டோனருக்குப் பிறகு மேக விவரம் திரும்பவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் டோனர் இல்லை, பேப்பரில் தங்கிய ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசல்). மிச்ச ஹைப்போவும் ப்ளீச்சில் உள்ள பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சேர்ந்தால் ஃபார்மர்ஸ் ரெட்யூசர், அதாவது படத்தின் அடர்த்தியைக் குறைக்கும் கரைசல். அது படத்தை உருவாக்கும் வெள்ளியை வெளுப்பதோடு நிற்காமல் கரைத்தே விடும். கரைந்தது திரும்பாது. அதனால் ப்ளீச்சுக்கு முன் ஹைப்போ கிளியரில் (ஃபிக்ஸரை அகற்ற உதவும் கரைசல்) 10 நிமிடம், ஓடும் நீரில் ஒரு மணி நேரம். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

ப்ளீச்: 1 லிட்டரில் ஃபெரிசயனைடு 10 கிராம், பொட்டாசியம் புரோமைடு 10 கிராம். வெளிச்சப் பகுதிதான் முதலில் வெளுக்கும். அடர்நிழல் கறுப்பாகவே வேண்டுமென்றால் இன்னும் நீர்த்துக்கொண்டு பாதியில் எடுத்துவிடலாம். பிறகு வெள்ளை பார்டரைப் பாருங்கள்: மஞ்சள் சாயல் முழுக்கப் போகும்வரை கழுவ வேண்டும்.

டோனர்: 10% தயோயூரியா 50 மி.லி., 10% காஸ்டிக் சோடா 50 மி.லி., தண்ணீர் 900 மி.லி. காஸ்டிக்கைக் கூட்டினால் குளிர்ந்த அடர்பழுப்பு; குறைத்தால் மஞ்சளை ஒட்டிய பழுப்பு. சோடியம் சல்ஃபைடும் அருமையான நிறம் தரும், ஆனால் அழுகிய முட்டை நாற்றம், அந்த வாயு நச்சு, பக்கத்திலிருக்கும் பேப்பரையும் ஃபிலிமையும் கெடுக்கும். சின்ன அறைக்குத் தயோயூரியாதான் என் தேர்வு. கையுறை கட்டாயம்: தயோயூரியா பட்ட விரலால் வெளுத்த பிரிண்டைத் தொட்டால் ரேகை அப்படியே பழுப்பாகப் பதியும்.

டோனிங்கில் அடர்த்தி கொஞ்சம் குறையும், எனவே பிரிண்டைக் கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது) கூடுதலாக எக்ஸ்போஸ் செய்யுங்கள். ஃபெரிசயனைடில் வீரியமான அமிலம் எதுவும் படவே கூடாது, சயனைடு வாயு வரும்.